விலை பேசும் குரல்கள்

1934இல் பாசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற ஆவணப்படத்துக்குப் பணம் போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. ஆனால் படத்தின் மனசெல்லாம் சிவனொளிபாத மலையிலும் சிங்களக் கிராமத்திலும் நடனத்திலும்தான்.

அதன் மூன்றாம் பகுதி எனக்கு உயிர். திரையில் கொழுந்து பறிக்கிறார்கள். காதில் சந்தை விலையும் வியாபாரக் குரல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. காட்சியையும் ஒலியையும் இப்படி மோதவிட்ட துணிச்சல் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. வர்ணனையோ, கண்டி ராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸின், 1681இல் வெளிவந்த நூலிலிருந்து. வாசிப்பவர் இலங்கைப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். கொழுந்து பறிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தைகூட இல்லை.

படம் எடுத்த காலத்தில் பதுளை மாவட்டத்துப் பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டார்கள், கங்காணி அதட்டினார், கொழுந்தை றாத்தல் கணக்கில் நிறுத்தார்கள். அத்தனையும் தமிழில் கேட்ட சத்தம்.

பதுளையில் படத்தின் அந்த மூன்றாம் பகுதியை ஒலியில்லாமல் திரையிட்டு, ஓய்வுபெற்ற தோட்டத்து அம்மாக்களைப் பேசவிட வேண்டும். யார் கை வேகம், யார் முத்தல் இலையையும் சேர்த்துக் கிள்ளுகிறாள் என்று அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். அதைப் பதிவு செய்து படத்தோடு சேர்த்து வைக்கலாம்.