உடம்பு மாறினால் வேலையை யார் பார்ப்பது?

2003-இல் வந்த ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ படத்தின் கிதார் காட்சியிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு வசதி. அம்மா டெஸ், மகள் அன்னா. இருவரும் உடம்பு மாறிக் கிடக்கிறார்கள். மகளின் ராக் இசைக்குழுவுக்கு அன்றைக்குத் தேர்வு. மேடையில் மகளின் உடம்போடு நிற்பது அம்மா. அவருக்குக் கிதாரில் ஒரு கம்பியைக்கூட ஒழுங்காகத் தட்டத் தெரியாது. திரைக்குப் பின்னால், அம்மாவின் உடம்பில் இருக்கும் மகள் ஒரு கிதாரை எடுத்து விளாசுகிறாள். மேடையில் இருப்பவர் சும்மா கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். ஜேமி லீ கர்டிஸ் அந்த இடத்தில் காட்டும் துள்ளல் இருக்கிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் சிரிப்பு வரும்.

சிரித்து முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. கிதார் பழகியவர்களின் இடது கை விரல் நுனியைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தோல் காய்த்துத் தடித்திருக்கும். மாதக்கணக்கில் கம்பியை அழுத்தி அழுத்தி வந்த காய்ப்பு அது. அந்தக் காய்ப்பு இப்போது மேடையில் சும்மா நிற்கிற உடம்பில்தானே இருக்கிறது? பின்னால் வாசிக்கிற விரல் ஓர் உளவியல் ஆலோசகரின் மெத்தென்ற விரல். அது எப்படி வாசித்தது?

“காமெடிப் படத்துக்கு எதுக்குடா இவ்ளோ ஆராய்ச்சி” என்று கூட இருந்த நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வகைப் படங்கள் எல்லாமே இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன. தெரிந்தது எல்லாம் மனசுக்குள், உடம்பு மேலே போட்ட சட்டை. சட்டையை மாற்றினால் அடுத்தவர் பார்வை கிடைத்துவிடும். எனக்கு அது உறுத்துகிறது.

நான் பார்ப்பது இயந்திரப் பராமரிப்பு வேலை. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய ஓர் இயந்திரத்தின் கண்ட்ரோலரைக் கழற்றி, அதே மாடல் புது இயந்திரத்தில் மாட்டிப் பாருங்கள். ஓடும், ஆனால் சரியாக ஓடாது. பேரிங் எவ்வளவு ஆடுகிறது, பெல்ட் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து யாரோ வருஷக்கணக்கில் திருத்திய எண்கள் அந்த புரோகிராமுக்குள் இருக்கும். பழைய உடம்பின் தேய்மானம் முழுக்க அதில் எழுதியிருக்கிறது. இரும்புக்கே இந்தக் கதை.

இந்த வகைக் கதைக்கு வயது அதிகம். எஃப். ஆன்ஸ்டி எழுதிய ‘வைஸ் வெர்சா’ நாவல் 1882-இல் வந்தது. அப்பாவும் மகனும் உடம்பு மாறுகிறார்கள். அப்பா மகனின் உடம்போடு விடுதிப் பள்ளிக்குப் போய் வாத்தியாரிடம் மாட்டிக்கொள்கிறார். மாற்றிவிடுவது இந்தியாவிலிருந்து கொண்டுவந்த ‘கருடக் கல்’. மேரி ராட்ஜர்ஸின் ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’ நாவல் 1972. அது 1976-இல் முதல் முறை படமானது. ஜோடி ஃபாஸ்டர் மகள், பார்பரா ஹாரிஸ் அம்மா.

அந்த 1976 படத்தை இன்றைக்குப் பார்த்தால் பழசாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒன்று சரியாக இருந்தது. அம்மாவின் உடம்புக்குள் போன பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முதலில் வந்து விழுவது வீட்டு வேலை. துணி துவைக்கும் இயந்திரம் பொங்கி வழிகிறது. யார் யாரோ வாசலில் வந்து நிற்கிறார்கள். புருஷன்காரன் தொலைபேசியில் கூப்பிட்டு, விருந்தாளிகள் வருகிறார்கள், சாப்பாடு தயார் பண்ணு என்கிறான். அப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மகளுக்கு, அவரோடு குடும்பம் நடத்துவது எப்படி என்று ஒரே நாளில் தெரிந்துபோகிறது. உடம்பு மாறியதும் கூடவே வேலையும் மாறியது. சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது.

2003-இல் அம்மாவுக்குத் தொழில் வந்துவிட்டது. வீட்டு வேலை கதையிலிருந்து காணாமல் போனது. அதை இப்போது யார் செய்கிறார்கள் என்று படம் கேட்கவில்லை. மகள் அம்மாவின் கிரெடிட் கார்டை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் போகிறாள். பிறகு அம்மாவிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களைச் சமாளிக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, லிண்ட்சே லோகன் நாற்பது வயதுப் பெண்ணின் விறைப்பைத் தன் தோளில் கொண்டுவந்தது பெரிய விஷயம்.

ஆகஸ்ட் 2025-இல் ‘ஃப்ரீக்கியர் ஃப்ரைடே’ வந்தது. இயக்கியவர் இந்திய வம்சாவளிக் கனடியரான நிஷா கனாத்ரா. இப்போது அன்னாவுக்கே ஹார்ப்பர் என்று ஒரு மகள். அன்னா கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு லில்லி என்று ஒரு மகள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்காது. இந்த முறை நான்கு பேர் மாறுகிறார்கள்: அன்னாவும் ஹார்ப்பரும், பாட்டி டெஸ்ஸும் லில்லியும். பெரியவர்களின் உடம்பில் புகுந்த இரண்டு பெண்களும் கல்யாணத்தைக் கெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். படம் வேகமாகப் போகிறது. ஈப்போவில் நான் பார்த்த அரங்கில் நன்றாகவே சிரித்தார்கள், நானும்தான்.

ஆனால் எதற்குச் சிரித்தோம்? பெரும்பாலும் பாட்டி உடம்புக்கு. இளம்பெண் லில்லி கண்ணாடியில் டெஸ்ஸின் முகத்தைப் பார்த்து அலறுகிறாள். சுருக்கம், முதுகு, மூட்டு என்று ஒவ்வொன்றும் ஒரு ஜோக். அந்தப் பக்கம் லில்லியின் உடம்பு கிடைத்த டெஸ்ஸுக்கோ மறுபிறவி எடுத்த சந்தோஷம். ஜேமி லீ கர்டிஸ் தன் வயதை மறைக்காமல் முகத்தைக் கொடுத்து நடித்திருப்பதால் இது கேவலமாகப் போகவில்லை. இருந்தாலும் அந்த முதுகு எதைச் செய்து வலிக்கிறது என்று ஒரு காட்சி இல்லை. பாட்டி இப்போது பாட்காஸ்ட் செய்கிறார். அன்னா ஒரு பாப் பாடகியின் மேலாளர். அந்த வேலையை மகள் எளிதாகவே சமாளித்துவிடுகிறாள். நான்கு பேர் உடம்பு மாறியும் அந்த வீட்டில் ஒரு குழம்புகூட அடிபிடிக்கவில்லை. 1976-இன் துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து இதுவரை ஐம்பது வருஷத்தில் வேலை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, வயது மட்டும் மிஞ்சியிருக்கிறது. வேலை இல்லாத வயது வெறும் சுருக்கமாகத்தான் தெரியும்.

என் பாட்டி பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைய வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். பட்டையைச் சீவுவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கணக்கு. மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழம் போனால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பாட்டி இதை மில்லிமீட்டரில் சொன்னது கிடையாது. கேட்டால் மணிக்கட்டை லேசாகத் திருப்பிக் காட்டி, “கைக்குத் தெரியும் ஐயா” என்பார். தோட்டம் செம்பனையாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. நான்கு மணிக்குக் கண் விழிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

இப்போது நானும் பாட்டியும் மாறினால்? ஹாலிவுட் விதிப்படி, என் உடம்பில் இருக்கும் பாட்டி இந்தக் கணினி தட்டும் கையை வைத்துக்கொண்டு மரம் சீவிவிடுவார். எனக்கு நம்பிக்கையில்லை. அவர் உடம்பில் இருக்கும் நான்? கத்தியைப் பிடித்தால் அந்த மணிக்கட்டு எனக்குச் சொல்லிக்கொடுக்குமா, இல்லை வலிக்க மட்டும் செய்யுமா? எனக்குப் பார்க்க வேண்டியிருப்பது இந்தப் படத்தைத்தான்.

இன்னொன்று, மொழி. அந்த நான்கு பேரும் ஒரே ஆங்கிலம் பேசுகிறவர்கள், அதனால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அந்த வசதி கிடையாது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய், வேலைக்கு வந்ததும் மின்னஞ்சலுக்கு ஆங்கிலம், வீட்டில் மூன்றும் கலந்த ஒன்று. பாட்டி என் உடம்போடு மீட்டிங்கில் போய் உட்கார்ந்தால் முதல் நிமிஷத்திலேயே பிடிபடுவார். நான் அவர் உடம்போடு கோயில் திருவிழாவுக்குப் போனாலும் அதே கதி. எதிரில் வருகிறவர் எந்த லயத்துக்காரர், யாருக்கு என்ன முறை, போன வருஷம் யாரோடு பேச்சுவார்த்தை நின்றது எல்லாம் தெரியாமல் அங்கே பத்தடி நடக்க முடியாது. எழுதத் தெரிந்தவர்கள் கையில் கிடைத்தால் இதிலேயே இரண்டு மணி நேரம் சிரிக்கலாம் லா.

மந்திரம் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 1882-இல் இந்தியக் கல். 2003-இல் சீன உணவகத்தில் கொடுக்கும் ‘ஃபார்ச்சூன் குக்கி’, உள்ளே குறி எழுதிய சீட்டு வைத்த பிஸ்கட். பீடோர் சீனர்கள் நிறைந்த ஊர். வாத்து மீ சாப்பிட ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கார் பிடித்து வருவார்கள். அந்தக் கடைகளில் வளர்ந்த நாக்கு என்னுடையது, இப்படி ஒரு பிஸ்கட்டை நான் படத்தில்தான் பார்த்தேன். அதன் வேர் ஜப்பானில், பிரபலமானது கலிபோர்னியாவில். 2025 படம் இதை விட்டுவிட்டு, கைரேகை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கொண்டுவந்திருக்கிறது. தேவலை.

நமக்கு இந்த வித்தை புதிதில்லை, கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பெயரே இருக்கிறது. பெரிய புராணத்தில் வரும் திருமூலர் கதையைப் பாருங்கள். மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கலங்குகின்றன. அந்த வழியாக வந்த சிவயோகி அதைத் தாங்காமல் மூலனின் உடம்புக்குள் போகிறார். போனதும் செய்வது என்ன? சாயங்காலம் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் அதது வீட்டில் சேர்க்கிறார். பிறகு மூலனின் மனைவி வந்து நிற்கிறாள். உடம்பு அவள் புருஷனுடையது, உள்ளே இருப்பவர் வேறு ஆள். அவர் விலகுகிறார், அவள் ஊரைக் கூட்டுகிறாள். அந்த ஊர்க்கூட்டத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஓர் உடம்பை எடுத்துக்கொண்டால் அதன் மாடும் மனைவியும் கூடவே வரும் என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. ‘அவ்வை சண்முகி’கூட (1996) உடம்பு மாறுகிற கதையில்லை, வேஷம்தான். இருந்தாலும் கமல் மாமி வேஷம் போட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் பிள்ளை பார்க்க வேண்டியிருந்தது, சமைக்க வேண்டியிருந்தது.

இந்த வகையில் எனக்குப் பிடித்தது 2014-இன் கொரியப் படம் ‘மிஸ் கிரானி’. பிற்பாடு ‘ஸ்குவிட் கேம்’ எடுத்த ஹ்வாங் டோங்-ஹ்யூக் இயக்கியது. சீனா, வியட்நாம், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றி வந்து, 2019-இல் நந்தினி ரெட்டி இயக்கத்தில் தெலுங்கில் ‘ஓ! பேபி’ ஆனது. பாட்டியாக நம்ம லட்சுமி, இளமையில் சமந்தா. இங்கே யாரும் யாரோடும் மாறுவதில்லை. எழுபது கடந்த பாட்டி ஒரு புகைப்பட நிலையத்துக்குள் போய் இருபது வயதில் வெளியே வருகிறாள். இளம் வயதில் புருஷனை இழந்து ஒற்றை மகனை வளர்த்து எடுத்தவள் அவள். இளமை திரும்பியபோது அந்த நாட்களில் விட்டுப்போன பாட்டையும் ஆசையையும் எடுத்துக்கொள்கிறாள். ஒரே நிபந்தனை, ரத்தம் போனால் முதுமை திரும்பிவிடும்.

கடைசியில் பேரன் விபத்தில் கிடக்கிறான், அவள் ரத்தம்தான் பொருந்தும். அவள் யாரென்று கண்டுபிடித்துவிட்ட மகன், என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய் உனக்காக வாழு என்கிறான். அவள் போகவில்லை. கொரியப் படத்தில் அந்த இடம் சற்று அழவைக்கும் நோக்கத்தோடு இழுக்கப்பட்டிருக்கிறது. தெலுங்கில் இன்னும் கூடுதல். தியாகம் செய்வது கடைசியில் பாட்டிதானா என்ற எரிச்சலும் எனக்கு உண்டு. ஆனாலும் அந்த மகன் ஒரு நிமிஷம் அம்மாவின் உடம்பைக் கணக்குப் பார்க்கிறான். இவ்வளவு நாள் எடுத்தது போதும் என்று சொல்ல அவனுக்கு வாய் வருகிறது. அமெரிக்கப் படங்களில் மன்னிப்பும் புரிதலும் வந்தால் உடம்பு திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு ஒரு சொட்டு ரத்தம் செலவில்லை.

‘ஃப்ரீக்கியர் ஃப்ரைடே’யில் அந்தப் பாப் பாடகியாக வருபவர் மைத்ரேயி ராமகிருஷ்ணன். கனடாவில் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் (2020–2023) அம்மாவோடும் பாட்டியோடும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, மந்திரம் எதுவும் இல்லாமலே மூன்று தலைமுறைக் கதையைத் தூக்கி நிறுத்தியவர். இந்தப் படத்தில் அவருக்கு மேடை இருக்கிறது, பளபளக்கும் உடை இருக்கிறது. உடம்பு மாற ஒரு பாட்டியைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டொரொண்டோ பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டி, ஆங்கிலம் வராது, முழங்கால் வலி, கையில் எதைச் செய்ததோ ஒரு பழைய தழும்பு. அவரும் மைத்ரேயியும் காலையில் மாறி எழுந்தால், அந்தப் படத்துக்கு டிக்கெட் எடுக்க ஈப்போ என்ன, கோலாலம்பூருக்கே கார் ஓட்டுவேன். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போவேன். நான்கு மணிக்கே கிளம்பி நிற்பார்.