புலியும் ஆத்தியும்: குலக்குறிக் கொள்கை பற்றிய ஒரு மறு ஆய்வு

மூவேந்தர்க்குரிய புலி, கயல், வில் ஆகியவற்றைத் தொல்பழங் குலக்குறிகளின் எச்சம் எனக் கூறுதல் ஆராய்ச்சியாளரிடையே வழக்காகிவிட்டது. இக்கூற்று நம் இலக்கியச் சான்றோடு பொருந்துமா என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

குலக்குறி என நாம் வழங்கும் ‘டோட்டம்’ என்னுஞ் சொல் வட அமெரிக்க ஒஜிப்வா மக்களின் மொழியினின்று வந்தது. 1791-இல் வெளிவந்த ஜான் லாங் என்பாரின் நூல்வழி ஐரோப்பியர்க்கு அறிமுகமாயிற்று. விலங்கு அல்லது மரம் ஒன்றை முன்னோனாகக் கொள்ளுதல், அதனை ஊறு செய்யாமலும் உண்ணாமலும் காத்தல், ஒரே குறியினர் தம்முள் மணவாமை ஆகிய மூன்றும் அதன் இலக்கணமாகப் பின்னர்க் கூறப்பெற்றன. இவை எங்கும் ஒருங்கே காணப்படுவன அல்ல என்று 1910-இல் கோல்டன்வீசர் நிறுவினார். குழுக்களின் வேறுபாட்டை இயற்கைப் பொருள்களின் வேறுபாட்டால் உணர்த்தும் முறையே இஃது என 1962-இல் லெவி-ஸ்ட்ராஸ் விளக்கினார்.

முதற்கண் புலியை நோக்குவோம். சோழர் தம்மைப் புலியின் வழித்தோன்றலாகக் கூறிக்கொண்டாரல்லர்; திருவாலங்காட்டுச் செப்பேடு அவர்தம் குலத்தைக் கதிரவனிடமிருந்தே தொடங்குகின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேற் புலிப்பொறி இட்டமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. முதலாம் இராசேந்திரனின் முத்திரையிலோ புலியொடு கயலும் வில்லும் உடன் நிற்கின்றன. பிறர் முன்னோனைத் தன் முன்னோனாக்குதல் எவர்க்கும் இயலாது. பிறர் ஆட்சியைத் தன் ஆட்சிக்குள் அடக்குதல் வேந்தற்கு இயலும். ஆகவே புலி ஆணையின் அடையாளமேயன்றிக் குலமுதல் அன்று.

இனி, பூவை நோக்குவோம். கூத்தாநல்லூர் அமைந்துள்ள இன்றைய திருவாரூர் மாவட்டத்திலேயே, அவ்வூர்க்கு மேற்கே கோயில்வெண்ணி உள்ளது. கரிகாலன் இருபெரு வேந்தரை வென்ற வெண்ணிப் போர்க்களம் இதுவே என்பர். இப்போரைப் பாடும் பொருநராற்றுப்படை, சேரனைப் பனந்தோட்டாலும் பாண்டியனை வேப்பந் தெரியலாலும் கரிகாலனை ஆத்திக் கண்ணியாலும் சுட்டுகின்றது. களத்தில் இன்னார் இன்னார் எனப் பிரித்தறிதற்குப் பூவே கருவியாயிற்று. நலங்கிள்ளி உறையூரை முற்றியபோது கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 45-ஆம் பாட்டு இதனினும் நுண்ணியது. முற்றியவனும் அடைத்திருந்த நெடுங்கிள்ளியும் சூடியது ஒரே ஆத்தியாதலின், எவன் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்று புலவர் இடித்துரைக்கின்றார். பகைவரைப் பிரித்துக் காட்டிய பூ, ஈண்டுப் பகைகொண்ட உறவினரை ஒன்றுபடுத்துதற்குச் சான்றாகின்றது.

விலக்கு என்னும் கூறு காவல் மரத்திலேயே புலனாகின்றது. ஆற்றுநீர் கொணர்ந்த காயைத் தின்ற பெண்ணை, அவள் நிறையளவு பொற்பாவையும் எண்பத்தொரு களிறும் ஈடாகத் தர முன்வந்தும் நன்னன் கொன்றமையைக் குறுந்தொகை 292 கூறுகின்றது. அது நன்னனது காவல் மாவின் காய் என்பர் உரைகாரர். பழையனது வேம்பைச் செங்குட்டுவன் வெட்டியதும், இமயவரம்பன் கடம்பினைத் தடிந்து முரசு செய்ததும் பதிற்றுப்பத்தாற் பெறப்படும். ஆயினும் அம்மரத்தினின்று குலம் பிறந்தது என்னும் நம்பிக்கைக்கு இப்பாடல்களிற் சான்றில்லை.

எனவே, பொறி ஆணையையும், கண்ணி குடியையும், காவல் மரம் மீறலாகா விலக்கையும் உணர்த்தின என்பது நாம் கண்ட முடிபு. மூன்றையும் ‘குலக்குறி’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கின், நம் புலவர் தெளிவுறப் பிரித்துக் காட்டியவற்றை நாமே கலந்துவிடுவோம். அங்ஙனம் கலப்பின், கோவூர்கிழார் ஒரு போரைத் தடுத்தற்கு ஆத்தியைச் சுட்டியதன் ஆற்றலும் நமக்குப் புலப்படாது போம். பிறநாட்டுக் கொள்கை நமக்கு வினாக்களைத் தரலாம். விடை நம் நூல்களினின்றே பெறப்படுதல் வேண்டும்.