பத்து ரூபாய் மனு: வலிமையும் எல்லையும்

அரசு அலுவலகத்துக்கு நாம் எழுதும் மனுக்கள் பெரும்பாலும் "ஐயா, வணக்கம்" என்று தொடங்கி, "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று முடியும். 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் அந்தப் பணிவுக்கு வேலையில்லாமல் செய்தது. தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் போதும். எதற்காகக் கேட்கிறாய் என்று அலுவலர் கேட்க முடியாது. 30 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அவர் மீதே அபராதம் விழலாம். இருபது ஆண்டு அனுபவத்தில் இந்த மனுவை எடைபோட்டால், அதன் பலம் கேள்வியின் துல்லியத்திலும் பலவீனம் எழுதுபவரின் தனிமையிலும் இருப்பது தெரிகிறது.

"எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதினால் பெரும்பாலும் பயனில்லை. பதிவேட்டில் உள்ளதைத்தான் அலுவலர் தர வேண்டும். இல்லாத காரணத்தை உருவாக்கித் தர அவர் கடமைப்பட்டவரல்லர். அதையே "இந்தச் சாலைக்கான மதிப்பீடு, பணி ஆணை, எம்.புக் (முடிந்த பணியின் அளவுகளைப் பதியும் ஏடு) ஆகியவற்றின் நகல் தேவை" என்று கேட்டால், எத்தனை மீட்டருக்குப் பில் போடப்பட்டது என்பது கைக்கு வந்துவிடும். கோபத்தை ஆவணத்தின் பெயராக மாற்றத் தெரிந்த எழுத்துக்கு இங்கே பலன் உண்டு.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. எம்.புக் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அதை எப்படிக் கேட்பார்? எழுத இயலாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் கொண்டுவர அலுவலர் உதவ வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் யாரைக் கேள்வி கேட்கிறோமோ அவரிடமே கேள்வியை எழுதித் தரச் சொல்லி நிற்பது ஓர் ஏழைக் கூலித் தொழிலாளிக்கு எளிதில்லை. அடுத்த தடை காலம். முதல் மேல்முறையீட்டை அதிகபட்சம் 45 நாளில் முடிக்க வேண்டும். தகவல் ஆணையத்துக்குப் போகும் இரண்டாவது மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் கெடுவே இல்லை. மிரட்டிப் பணம் பறிக்க மனுப் போடுபவர்களும் உண்டு. ஆனால் அவர்களைக் காட்டி எல்லா மனுதாரர்களையும் சந்தேகிப்பது நியாயமாகாது.

இவற்றையெல்லாம்விடக் கொடியது உயிராபத்து. நில மோசடிகளைத் தகவல் மனுக்கள் மூலம் வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையில் குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனுவில் இருப்பது ஒரே பெயரும் ஒரே முகவரியும் என்றால், அந்த ஒருவரை அகற்றினால் கேள்வியையும் அகற்றிவிடலாம் என்று எதிரி கணக்குப் போடுகிறான்.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர்கள் தனியாகக் கேட்கவில்லை. 1990-இல் ராஜஸ்தானில் அருணா ராயும் தோழர்களும் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், ஊராட்சி வேலைகளின் பில்களையும் மஸ்டர் ரோல் எனும் கூலிப் பதிவேடுகளையும் 1994 முதல் ஊர்க்கூட்டங்களில் உரக்க வாசித்தது. செத்துப்போனவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தால், ஊரே எழுந்து அதைச் சொன்னது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே சாட்சியானார். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தில் தனிநபர் விவரங்களைத் தர மறுக்க இடமளிக்கும் விலக்கை விரிவாக்கியது கவலை தருவதும் இதனால்தான். பெயர்களை மறைத்துவிட்டால் மஸ்டர் ரோலை வாசித்து என்ன பயன்?

ஆகவே மனு எழுதக் கற்பது பாதி வேலைதான். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் தனித்தனியே அனுப்ப வேண்டும். வந்த பதிலை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். முரண்பாடு தெரிந்தால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஒருவரின் பெயரில் பெற்ற தகவல் ஊரின் தீர்மானமாகும்போதுதான் அலுவலகம் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டிய நிலை வரும். கேட்டவருக்கும் ஊர் துணை நிற்கும்.