முத்திரை இல்லாத பேஸ் பிக்கப்: மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

செகண்ட் ஹேண்டில் பேஸ் கிட்டார் விற்பவர்களிடம் ஒரு வாசகம் தயாராக இருக்கும்: "பிக்கப் மாத்தியாச்சு சார், இம்போர்ட்டட் செட்." கழற்றிப் பார்த்தால் முத்திரையும் இருக்காது, ஸ்டிக்கரும் இருக்காது. இந்த முறை மேசைக்கு வந்தது அப்படிப்பட்ட ஒரு ஜோடி. ஜாஸ் பேஸ் வடிவம், கறுப்புக் கவர், ஒவ்வொன்றிலும் எட்டு உலோகத் துருவங்கள், இரண்டு ஒயர்கள். எந்த கம்பெனி செய்தது என்பது பெரும்பாலும் கடைசிவரை தெரியப்போவதில்லை. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். விலை பேச அது போதும்.

முதலில் ஸ்கேல். ஃபெண்டர் 1960-ல் ஜாஸ் பேஸைக் கொண்டுவந்தது. அந்த வகையில் இன்று கிடைக்கும் நெக் பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர் நீளம், பிரிட்ஜ் பிக்கப் சுமார் 95. பிரிட்ஜை நெருங்க நெருங்கக் கம்பிகள் விலகிப்போவதால் இந்த வித்தியாசம். மலிவுக் கிட்டார்கள் சிலவற்றில் இரண்டுமே 92-தான். நம்முடையவை 92, 95. ஸ்கேலைப் பொறுத்தவரை ஒரே செட்.

அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: "எத்தனை கே?" மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து இரண்டு ஒயரையும் தொட வேண்டியதுதான். ஆனால் பிக்கப்பை சர்க்யூட்டிலிருந்து கழற்றியிருக்க வேண்டும். கிட்டாரின் ஜாக்கில் மீட்டரை வைத்து இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் இரண்டு பிக்கப்பும் இணையாகச் சேர்ந்து 4 கிலோ ஓமுக்கும் கீழே காட்டும். அதைப் பார்த்து காயில் போய்விட்டது என்று பயந்தவர்கள் உண்டு. தனியாக அளந்தபோது நெக் 7.6, பிரிட்ஜ் 7.9. சாதாரண ஜாஸ் பிக்கப் 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்கும், பிரிசிஷன் பேஸ் வகை 10, 11 வரை போகும். ஆக இதுவும் சரி.

இங்கே நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். சென்னையில் 33 டிகிரி அறையில் 7.6 காட்டும் காயில், 20 டிகிரியில் 7.2-தான் காட்டும். இணையத்தில் கிடைக்கும் ஒரு பட்டியலோடு 0.2 வித்தியாசத்தை வைத்து "இது இன்ன மாடல்" என்று தீர்ப்பு சொல்வதெல்லாம் ஜோசியம். காயிலில் எவ்வளவு கம்பி இருக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு கொடுப்பதோடு அந்த எண்ணின் வேலை முடிந்தது. காந்தம் எது, நடுவில் இருப்பது என்ன உலோகம் என்று அதற்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள பிக்கப்பைக் கவிழ்க்க வேண்டும். நெக் பிக்கப்பின் அடியில் எட்டுத் தண்டுகளின் முனைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆல்னிகோ: தண்டுகளே காந்தம். பிரிட்ஜைக் கவிழ்த்ததும் விஷயம் வெளியே வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டைக் காந்தம் ஒட்டப்பட்டிருக்கிறது. அது செராமிக்; மேலே தெரியும் துருவங்கள் வெறும் இரும்பு. எல்.சி.ஆர். மீட்டரும் இதை ஆமோதித்தது. ஓம் கணக்கில் ஏறக்குறைய சமமாக நின்ற இரண்டில், பிரிட்ஜின் இண்டக்டன்ஸ் கால் பங்கு அதிகம். இரும்புத் துருவம் அதை உயர்த்திவிடும். ஆல்னிகோ அந்த அளவுக்கு உயர்த்தாது. இரண்டும் ஒரே செட் என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. பேஸ் வைத்திருப்பவர்கள் மல்டிமீட்டருக்கு அடுத்து ஒன்று வாங்குவதென்றால் இந்த மீட்டரைத்தான் சொல்வேன். அளக்கும்போது 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

ஒயர் நிறத்தை நம்பி பிராண்டைச் சொல்வதும் ஆபத்து. நான்கு ஒயர் ஹம்பக்கரில் சீமோர் டங்கன் முறைப்படி கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு சிக்னல், கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டிலும் பச்சை கிரவுண்டுக்கு. இந்த நிறங்களை வேறு யாரும் பயன்படுத்தலாம், பயன்படுத்தவும் செய்கிறார்கள்.

மிச்சம் இருப்பது திசைகாட்டி. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் முள் திசைகாட்டி போதும். பிக்கப்புக்கு ரொம்ப அருகில் கொண்டுபோக வேண்டாம், வலுவான காந்தம் முள்ளின் துருவத்தையே புரட்டிவிடும். நல்ல ஜாஸ் செட்டில் ஒரு பிக்கப் வடதுருவத்தை மேலே காட்டினால் மற்றது தென்துருவத்தைக் காட்டும். காயிலும் எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். இரண்டு வால்யூமும் சமமாகத் திறந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது இதனால்தான். ஒரே பிக்கப்பில் பாதி வழியில் முள் திரும்பினால், ஜாஸ் கவருக்குள் இரண்டாகப் பிரித்த காயில் ஒளிந்திருக்கிறது. அது தனியாக வாசித்தாலும் இரையாது. நம் ஜோடி இரண்டும் வடதுருவம். வாசித்தபோது இரைச்சல் எந்த வால்யூம் நிலையிலும் போகவில்லை.

செராமிக் பட்டை இங்கே ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. கொஞ்சம் சூடு காட்டி, மெல்லிய பிளேடால் நெம்பி, பட்டையைக் கழற்றிக் கவிழ்த்து ஒட்டி, அந்த பிக்கப்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றி சோல்டர் செய்தால் துருவமும் கட்டமும் சரியாகிவிடும். காயில் கம்பி 0.063 மில்லிமீட்டர்தான் என்பதால் பிளேடு சுற்றுப்பக்கம் போகக் கூடாது. செய்த பிறகு இரைச்சல் பெருமளவு அடங்கியது. முழுதாக அடங்கவில்லை, இரண்டு காயிலின் சுற்றும் ஒன்றல்லவே.

எல்லா பிக்கப்பும் இப்படி வாயைத் திறப்பதில்லை. எபாக்சி ஊற்றி மூடியவற்றில் அடிப்பக்கம் பார்க்க முடியாது. இ.எம்.ஜி. போல உள்ளேயே ஆம்ப் வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவற்றில் ஓம் கணக்குக்குப் பொருளே இல்லை.

இந்த ஜோடியில் நெக் பிக்கப் வைத்துக்கொள்ளத் தகுந்தது. சுத்தமான அடிச்சுரம், விரல் அழுத்தத்துக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. பிரிட்ஜ் சற்றுத் தடித்த குரல், ஸ்லாப் வாசிப்பவர்களுக்குச் சலிக்கும். "இம்போர்ட்டட் செட்" விலைக்கு வாங்காதீர்கள். ஒரு நல்ல பிக்கப், ஒரு சுமாரான பிக்கப் என்று தனித்தனியாக விலை பேசினால் வாங்கலாம்.