புகழ்வோரும் கேட்போரும்: என்கோமியம் மரபும் அதன் பள்ளிகளும்

ஆங்கிலத்தில் முறையான புகழுரையைக் குறிக்க என்கோமியம், பானிஜிரிக், யூலஜி என மூன்று சொற்கள் உண்டு. மூன்றும் கிரேக்கத்தில் பிறந்தவை. என்கோமியம் என்ற சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் புழங்கத் தொடங்கியது. வெற்றி பெற்றவனை நடுவில் வைத்துக்கொண்டு ஆடிப் பாடி வீதியில் செல்லும் கூட்டத்துக்குக் கிரேக்கர் ‘கோமோஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாடப்பட்டது என்கோமியம். நாலா ஊர்க்காரர்களும் திரளும் பெருவிழா ‘பனேகுரிஸ்’. அங்கே நிகழ்த்தப்பட்டது பானிஜிரிக். ஆக, கேட்பதற்கு ஒரு கூட்டம் இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கு வேலையே உண்டு. கிரேக்கம், ரோம் தொடங்கி ஐரோப்பா வரை இரண்டாயிரம் ஆண்டுகளில் இந்த மரபு பல பள்ளிகளாகப் பிரிந்தது. அவற்றின் உயர்வு தாழ்வை எடைபோடப் புகழப்பட்டவரைப் பார்த்தால் போதாது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நம்ப மறுக்கும் உரிமை இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

பரிசிலுக்குப் பாடியவர்கள்

முதல் பள்ளி கவிஞர்களுடையது. தீப்ஸ் நகரத்துப் பிண்டார், கியோஸ் தீவின் சிமொனிடீஸ் இருவரும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஒலிம்பியா முதலிய விழாக்களில் வென்றவர்களைப் பாடிப் பொருள் பெற்றவர்கள். காசுக்குப் பாடிய முதல் கவிஞர் என்ற பழி சிமொனிடீஸின் மேல் விழுந்தது. அரிஸ்டாட்டில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்கிறார். கோவேறு கழுதைப் பந்தயத்தில் வென்ற ஒருவன் பாட்டுக் கேட்டு வந்தான். கொடுப்பதாகச் சொன்ன தொகை குறைவு. ‘பாதிக் கழுதைகளைப் பாடுவதா’ என்று கவிஞர் கையை விரித்துவிட்டார். தொகை கூடியதும் பாட்டு வந்தது. அதில் அந்த விலங்குகள் புயல்வேகக் குதிரைகளின் மகள்களாகிவிட்டன. தாய் குதிரை என்பது உண்மைதான். தந்தை கழுதை என்பதும் உண்மைதான், ஆனால் அது பாட்டில் இல்லை. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதிய உத்தி இதுவே: பொய் சொல்லாமல், சொல்லத்தக்கதை மட்டும் சொல்வது.

சிசரோ சொல்லும் இன்னொரு கதையில் சிமொனிடீஸ் தெசலி நாட்டுச் செல்வர் ஸ்கோப்பாஸைப் பாடுகிறார். பாட்டில் பெரும்பகுதி காஸ்டர், போலக்ஸ் என்னும் இரட்டைத் தெய்வங்களுக்குப் போய்விட்டது. பேசிய தொகையில் பாதியைக் கொடுத்த ஸ்கோப்பாஸ், மீதியைத் தெய்வங்களிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னார். இரண்டு இளைஞர்கள் வாசலில் அழைப்பதாகச் செய்தி வர, கவிஞர் வெளியே போனார். அங்கே யாரும் இல்லை. அதற்குள் விருந்து மண்டபத்தின் கூரை இடிந்து உள்ளே இருந்த அத்தனை பேரையும் நசுக்கியது. கதை நடந்ததோ இல்லையோ, புகழை முழுதும் தனக்கே கேட்கும் புரவலனைக் கிரேக்கர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

கல்லறை மேட்டில் ஒரு மேடை

இரண்டாவது பள்ளி ஏதென்ஸ் மக்களாட்சியுடையது. போரில் இறந்தவர்களுக்கு நகரமே இறுதிச் சடங்கு செய்தது. கி.மு. 431இல் தொடங்கிய போரின் முதல் குளிர்காலத்தில் நடந்த சடங்கை வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். எலும்புகளைக் கூடாரத்தில் வைத்துவிடுவார்கள். உறவினர்கள் வந்து தங்கள் காணிக்கையைப் படைப்பார்கள். பிறகு குலத்துக்கு ஒன்றாகச் சைப்ரஸ் மரப் பேழைகள் வண்டிகளில் புறப்படும். உடல் கிடைக்காதவர்களுக்காக ஒரு பாடையை விரிப்பிட்டு வெறுமையாகவே தூக்கி வருவார்கள். உள்ளூர்க்காரரும் அயலூர்க்காரரும் உடன் நடக்கலாம். மண் மூடியபின் நகரம் தேர்ந்தெடுத்த ஒருவர் உயரமான மேடையில் ஏறிப் பேசுவார். அந்த ஆண்டு பேசியவர் நகரத்தின் தலைவர் பெரிக்ளீஸ்.

தம் சிக்கலைச் சொல்லித்தான் அவர் தொடங்குகிறார். இறந்தவரை அறிந்தவருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது; அறியாதவருக்குத் தம்மால் முடியாத செயலைக் கேட்டதும் மிகை என்று தோன்றும். தன்னாலும் முடியும் என்று நினைக்கும் அளவு வரைதான் ஒருவன் பிறர் புகழைப் பொறுப்பான் என்கிறார். எனவே வீரர்களைத் தனித்தனியே உயர்த்தாமல், அவர்கள் எந்த வாழ்க்கைமுறைக்காக உயிர் கொடுத்தார்களோ அதை விரித்துப் பேசுகிறார். எதிரே நிற்பவர்களுக்கு அஞ்சி அளந்து பேசிய உரை அது. இந்த மரபின் உச்சம் என்று அதைச் சொல்லலாம்.

இதையும் கேலி செய்ய ஏதென்ஸில் ஆள் இருந்தார். பிளேட்டோவின் ‘மெனெக்சினஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ், இத்தகைய உரைகளைக் கேட்டால் தாமே வளர்ந்து அழகாகிவிட்டது போல் இருக்கிறது, அந்த மயக்கம் தெளியச் சில நாள் ஆகிறது என்கிறார். ஏதென்ஸ்காரரிடையே ஏதென்ஸ்காரரைப் புகழ்வது பெரிய வித்தையா என்பது அவர் கேள்வி.

உரைநடைக்கு வந்த புகழ்

சிசிலியிலிருந்து வந்த கோர்ஜியாஸ், ஊரே பழித்த ஹெலனுக்கு ஒரு என்கோமியம் எழுதினார். அவள் டிராய்க்குப் போனதற்குத் தெய்வச் செயல், வன்முறை, பேச்சின் மயக்கு, காதல் ஆகிய நான்கில் ஒன்றே காரணமாயிருக்க வேண்டும், எதுவானாலும் அவள் மேல் குற்றமில்லை என்று வாதாடி, கடைசியில் இது தமக்கு ஒரு விளையாட்டு என்று முடித்தார். இஸோக்ரடீஸ் இதை ஒப்பவில்லை. குற்றத்துக்கு விடை சொல்வது தற்காப்பு. சிறப்பை எடுத்துக் காட்டுவதே புகழுரை என்று கோடு கிழித்தார். சைப்ரஸில் சலமிஸ் நகரை ஆண்ட எவாகொரஸ் இறந்தபின், அவர் மகன் நிகோக்ளீஸை முன்வைத்து ஒரு புகழுரை எழுதினார். தம் காலத்து மனிதரை உரைநடையில் புகழ்வது புது முயற்சி என்று அதில் அவரே சொல்லிக்கொள்கிறார். தந்தையைப் புகழும் சாக்கில் மகனுக்கு ஆளும் நெறியைச் சொல்வது அவர் நோக்கம். நம் புலவர்கள் செவியறிவுறூஉ என்பார்களே, ஏறக்குறைய அந்த வேலை.

அரிஸ்டாட்டில் இதையெல்லாம் வகைப்படுத்தினார். வழக்காடும் பேச்சு, அவையில் ஆலோசனை கூறும் பேச்சு, புகழவோ பழிக்கவோ செய்யும் பேச்சு எனப் பேச்சு மூவகை. குணத்தின் பெருமையைச் சொல்வது பாராட்டு. செய்துமுடித்த செயல்களைச் சொல்வதே என்கோமியம். ஒருவருக்கு அறிவுரையாகச் சொல்லக்கூடியதைச் சற்றே மாற்றிச் சொன்னால் அது புகழாகிவிடும் என்றும் அவர் கண்டார். கூடவே, முரட்டுத் துணிச்சலை வீரம் என்றும் ஊதாரித்தனத்தை வள்ளன்மை என்றும் பெயர் மாற்றி வைக்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தார்.

வகுப்பறையில் புகழும் வசையும்

ரோமானியப் பேரரசுக் காலத்தில் இது பள்ளிப்பாடம் ஆயிற்று. 4ஆம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவின் லிபானியஸிடம் படித்த அஃப்தோனியஸ் 14 பயிற்சிகள் கொண்ட பாடநூல் ஒன்றைத் தொகுத்தார். அதில் என்கோமியத்துக்குத் தலைப்புகள் வரிசையாக உள்ளன: முன்னுரை, நாடு, முன்னோர், பெற்றோர், வளர்ப்பும் கல்வியும், உள்ளம், உடல், செல்வம் என மூன்றாகப் பகுத்த செயல்கள், பிறரோடு ஒப்பீடு, முடிவில் வேண்டுதல். அடுத்த பயிற்சி வசை. அதே தலைப்புகள், அதே வரிசை, திசை மட்டும் எதிர். துசிடைடீஸைப் புகழ்ந்து ஒரு மாதிரி, மாசிடோனிய மன்னன் பிலிப்பை வசைபாடி ஒரு மாதிரி என இரண்டும் நூலில் இருக்கின்றன. இந்தச் சின்ன நூல் ஆயிரம் ஆண்டு தாண்டியும் ஐரோப்பியப் பள்ளிகளில் வாழ்ந்தது. 1563இல் ரிச்சர்ட் ரெய்னோல்டு ஆங்கிலத்தில் எழுதிய சொல்லாட்சி நூல் இதைத் தழுவியதுதான்.

அரியணைக்கு எதிரே

அரசவைப் பள்ளியின் இலக்கணம் மெனாண்டர் என்னும் ஆசிரியரின் பெயரில் நிலவுகிறது. பேரரசரின் ஊர் பெயர்பெற்றதா, ஊரைப் பாடு. இல்லையா, நாட்டைப் பாடு. இரண்டும் சொல்லும்படி இல்லையா, தாண்டிப் போ. பிறந்தபோது நற்குறி ஏதும் தோன்றியிருந்தால் சொல். இல்லாவிட்டால் நம்பும்படி புனைய முடிந்தால் தயங்காதே. கேட்பவர்களுக்கு ஆராயாமல் ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரிக்ளீஸின் அச்சம் இங்கே அடியோடு போய்விட்டது. கேட்போர் வாய் கட்டப்பட்டிருப்பதே இங்கு இலக்கண விதி.

இந்தப் பள்ளியிலும் தலைநிமிர்ந்து நின்றவர் இளைய பிளினி. கி.பி. 100இல் கான்சல் பதவி பெற்றதற்கு நன்றியாக அவர் செனட்டில் பேரரசர் டிராஜனைப் புகழ்ந்தார். பிறகு அதை விரித்தெழுதி நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார். இரண்டு நாள் கேட்டவர்கள் மூன்றாம் நாளும் கேட்டார்கள். முன்பெல்லாம் இத்தகைய உரையைச் சிறிது நேரம் பொறுப்பதே கடினமாயிருந்தது. இப்போது ஆவலோடு கேட்கிறார்கள் என்றால் பேச்சுத்திறன் கூடிவிட்டதால் அல்ல, தாராளமாக எழுத முடிவதால்தான் என்று ஒரு கடிதத்தில் காரணம் சொல்கிறார். அந்தச் சுதந்திரம் அவர் நினைத்த அளவு பெரியதா என்பது வேறு கேள்வி. அளவுகோல் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிளினியின் உரையை முதலில் வைத்துத் தொகுக்கப்பட்ட 12 இலத்தீன் புகழுரைகளில் மற்றவை பெரும்பாலும் 3, 4ஆம் நூற்றாண்டுகளின் கால் (Gaul) நாட்டுப் பேச்சாளர்களுடையவை. அவர்களில் யூமினியஸ் தனித்துத் தெரிகிறார். அவுத்துன் நகரத்தில் சிதைந்து கிடந்த பள்ளிக் கட்டடத்தைச் சீரமைக்கத் தம் சம்பளத்தையே தர முன்வந்து பேசிய உரை அவருடையது. மறுபக்கம், மிலானில் சொல்லாட்சி ஆசிரியராக இருந்த அகஸ்தீன். பேரரசரைப் புகழ வேண்டிய நாளில், தாம் பல பொய்களைச் சொல்லப்போவதும், பொய் என்று தெரிந்தே கேட்பவர்கள் கைதட்டப்போவதும் அவரை அரித்தன. வழியில் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் தம்மைவிட நிம்மதியாக இருப்பதாகப் பட்டது. 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ் புகழ், வசை இரண்டையும் செய்தார்: ஜஸ்டினியனின் கட்டடங்களைப் போற்றி ஒரு நூல், அதே பேரரசரைக் கிழித்து ஒரு ரகசிய வரலாறு. இரண்டாவது 1623இல்தான் அச்சேறியது.

ஈக்கும் வழுக்கைக்கும் ஒரு துதி

இத்தனை கெடுபிடிக்கும் நடுவில் ஒரு குறும்புப் பள்ளியும் ஓடியது. உப்பைப் புகழ்ந்து யாரோ நூல் எழுதியதைப் பிளேட்டோவின் ‘விருந்து’ குறிப்பிடுகிறது. லூசியன் ஈயைப் புகழ்ந்தார். சினேசியஸ் வழுக்கையைப் புகழ்ந்தார். 1511இல் அச்சான எராஸ்மஸின் ‘மடமைத் துதி’ இந்த வகையின் சிகரம். மடமையே மேடையேறித் தன்னைப் புகழ்ந்துகொள்வதால், அறிஞரையும் துறவிகளையும் குருமாரையும் அது குத்தும்போது யார் கோபப்பட முடியும்? அரியணைக்கு எதிரே சொல்ல முடியாததை வஞ்சப்புகழ்ச்சி சொல்லிவிட்டது.

தரம் எது?

பிற்கால ஐரோப்பாவில் என்கோமியம் கல்விக்கழகங்களுக்குக் குடிபெயர்ந்தது. பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலர் ஃபோந்தனெல், மறைந்த உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் நினைவுரை எழுதுவதை ஒரு கலையாக்கினார். 1727இல் மறைந்த நியூட்டன் அந்தக் கழகத்தின் அயல்நாட்டு உறுப்பினர். அவருக்கான உரையில் ஃபோந்தனெல் அவரை டெகார்ட்டோடு ஒப்பிட்டது ஆங்கிலேயர் பலருக்குப் பிடிக்கவில்லை என்று வால்டேர் எழுதுகிறார். புகழைக் கேட்டவர்கள் முணுமுணுத்தார்கள். உரையாசிரியர் தலை உருளவில்லை. பெரிக்ளீஸ் மதித்த கேட்போர் திரும்ப வந்துவிட்டார்கள்.

மணிவிழா மலருக்கும் பணிநிறைவு விழாவுக்கும் வாழ்த்துரை எழுதும் நமக்கு இந்த மரபில் எடுத்துக்கொள்ள மூன்று இருக்கின்றன. குண அடைமொழிகளை விட்டுச் செயலைச் சொல்ல வேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் அளவுகோல். புகழ் கேட்பவருக்கு ஒரு வழியைக் காட்ட வேண்டும் என்பது இஸோக்ரடீஸின் அளவுகோல். மூன்றாவதை எந்த ஆசிரியரும் விதியாக எழுதவில்லை. அஃப்தோனியஸின் பாடநூலில் வசை அடுத்த பயிற்சியாக இருப்பதே அதைச் சொல்லிவிடுகிறது. அந்த வகுப்பு மாணவன் ஒருவனை இன்று புகழவும் நாளை பழிக்கவும் கற்றான். வசைக்கு இடமுள்ள அவையில் சொன்ன புகழுக்குத்தான் விலை உண்டு. குறை சொல்ல முடியாத ஒருவரைப் பற்றி மேடையில் கொட்டப்படும் அடைமொழிகளிலிருந்து, அந்த மேடையை அவர் எப்படி வைத்திருக்கிறார் என்பது மட்டுமே நமக்குத் தெரியவரும்.