கூலி குறைந்தபோது திறந்த தறிக்கூடம்

2019–20இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைப் பதிவு செய்தது. அவர்களில் 72 விழுக்காட்டினர் பெண்கள். கார் தொழிற்சாலையோ இரும்பு ஆலையோ கனவிலும் எட்ட முடியாத விகிதம் இது. உற்பத்தித் தொழிலில் பெண்களையும் ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்க்க வேண்டும் என்று பேசுவோர் இந்த எண்ணைக் கண்டால் மகிழத்தான் செய்வார்கள். ஆனால் கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்துத் தறிகளை அறிந்தவர்கள், அந்தப் பெண்கள் எப்போது வந்தார்கள், யார் விட்டுப் போன இடத்தில் உட்கார்ந்தார்கள் என்று முதலில் கேட்பார்கள்.

பாலராமபுரம் இந்த வட்டத்தில்தான் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரைத் தாங்கிய ஊர். திவான் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதிகளிலிருந்து சாலியர் என்ற நெசவுச் சாதியாரை அழைத்துவந்து இங்கே தெருக்கள் அமைத்துக் குடியேற்றினார். அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய முண்டும் மேலே போர்த்தும் நேரியதும் நெய்வது அவர்கள் வேலை. தொழில் ஒரு சாதிக்குள், ஒரு தெருவுக்குள், ஒரு மொழிக்குள் அடங்கியிருந்தது. தகப்பன் தறியில் மகன் உட்காருவான். வேறொருவர் வந்து வேலை கேட்கும் வழக்கமே கிடையாது.

அந்த நிலை மாறியதை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் நெசவு சாலியர் தெருக்களைத் தாண்டிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பரவியது. நாடார், ஈழவர் உள்ளிட்ட பல சமூகத்தாரும் தறியில் அமர்ந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்கள் நூல் கொடுத்து, துணியை எடுத்துக்கொண்டு கூலி தந்தன. 1961இல் ஹான்டெக்ஸ் வந்தபின் விற்பனைக்கும் ஒரு மாநில அமைப்பு உண்டானது. குலத்தொழில் என்ற பூட்டு உடைந்தது. இதே தென் திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை அடிபட்டார்கள், வழக்காடினார்கள். மேல்சாதியாருக்கென்றே இருந்த நேரியதை இன்று அவர்களின் வழிவந்த பெண்களும் நெய்கிறார்கள். வரலாற்றில் இப்படி நேர்வது எளிதல்ல. அதைக் குறைத்துப் பேசக் கூடாது.

ஆனால் பூட்டு உடைந்த பிறகு உள்ளே வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? வளைகுடா நாடுகள் அழைத்தன, கட்டட வேலைக்குக் கூலி ஏறியது, விசைத்தறித் துணி, சரிகைக் கரையிட்ட கசவு முண்டின் சாயலில் பாதி விலைக்குச் சந்தைக்கு வந்தது. குறிப்பிட்ட துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அந்தப் போட்டி நிற்கவில்லை. தறிக்கூலி பின்தங்கியதும் ஆண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காலியான தறிக்குழிகளில் பெண்கள் இறங்கினார்கள். பெண்களைச் சேர்க்க வேண்டுமென்று எந்தச் சங்கமும் திட்டம் போட்டு இது நடக்கவில்லை. ஆண்களுக்குக் கட்டுப்படியாகாத கூலிக்கு வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். எண்ணிக்கையில் சமத்துவம் போலத் தெரிவது, பெரும்பாலும் தொழிலின் மதிப்பு சரிந்ததற்கான அடையாளம்.

குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். கை நாடாவைத் தள்ளுகிறது, பலகையை இழுத்து அடிக்கிறது. கண் இழையை விட்டு விலக முடியாது; ஒரு இழை அறுந்தால் நிறுத்தி முடிச்சிட வேண்டும். கசவு வரும் ஓரத்தில் இன்னும் கவனம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும். முதுகும் முழங்காலும் ஐம்பது வயதுக்கு முன்பே வலிக்கத் தொடங்கும். இவ்வளவுக்கும் கூலி நெய்த அளவுக்கே. பாவு மாற்றும் நாளும், நூல் வராத நாளும், காய்ச்சலில் படுத்த நாளும் கணக்கில் வராது.

தறிக்கு முந்திய வேலை இன்னும் மறைந்து கிடக்கிறது. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவது பல பேர் சேர்ந்து செய்யும் காரியம். அது ஆண்கள் கையில் இருந்தது, அதற்குத் தனிக் கூலியும் இருந்தது. ஊடைநூலைத் தார் சுற்றுவது வீட்டுப் பெண்கள் வேலை. அடுப்புக்கும் கிணற்றுக்கும் இடையில் ராட்டையைச் சுழற்றும் மாமியாரும் மருமகளும் இல்லாமல் ஒரு முழம் துணி வராது. கணக்கெடுப்பில் அவர்கள் துணைத் தொழிலாளர்கள். கூலிச் சீட்டில் பல வீடுகளில் அவர்களுக்குப் பெயரே இல்லை, தறிக்காரரின் கூலிக்குள் அவர்கள் உழைப்பும் அடக்கம். இந்த முறையின் ஆகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

இவ்வளவு சொன்னாலும் தறிக்கூடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்பத்தைந்து வயதில், படிப்பு முடிக்காத, பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்கும் ஆலை எது? ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்களைப் பணிக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று சொன்ன, அப்போது நடப்பில் இருந்த 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டம், மணமானவரா என்று கேட்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஆலைகள் தேடுவது விடுதியில் தங்கக்கூடிய, குடும்பப் பொறுப்பு இல்லாத இளம்பெண்களை. அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்குகிற வயதையும் நிலைமையையும் நெய்யாற்றின்கரைத் தறி ஏற்றுக்கொள்கிறது. நேரத்தை அவளே வகுத்துக்கொள்ளலாம், குழந்தை பக்கத்தில் விளையாடலாம். அந்தச் சுதந்திரத்துக்கு அவள் கூலியில் விலை கொடுக்கிறாள் என்பதும் உண்மை.

எல்லையில் உள்ள பாறசாலையைத் தாண்டித் தமிழகத்துக் களியக்காவிளைக்குப் போனால், விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் இதே கதை முந்திரி ஓட்டுக்குள் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று அந்த இரண்டு வட்டங்களும் தோவாளை, அகஸ்தீஸ்வரத்தோடு தமிழகத்துக்கு வந்தன. தமிழகத்தோடு சேர்க்கும்படி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு போட்டது மொழிக்காக; முந்திரி முதலாளிகளுக்கு அது கூலிக் கோடாகப் பயன்பட்டது. கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயரும்போதெல்லாம் கொல்லத்து முதலாளிகள் எல்லை கடந்து, அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலைகளை நடத்தினார்கள்.

அண்டி ஆபீஸில் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். கேரள முந்திரித் தொழிலாளர்களைப் பற்றி ஸ்வீடன் நாட்டு வரலாற்றாய்வாளர் அன்னா லிண்ட்பெர்க் 2001இல் வெளியிட்ட ஆய்வு, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வகுக்கப்பட்ட அடுக்குகளைக் காட்டியது. ஓட்டை உடைக்கும் தல்லு வேலை தலித் பெண்களுக்கு. தோல் உரிப்பதும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதிகளுக்கு. ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் விரலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்க வேண்டும். தரம் பிரிக்கும் மேடை சுத்தமானது, கை கருகாது. ஒரே கூரை, ஒரே சங்கக் கொடி, ஆனாலும் தல்லு அறையிலிருந்து தரம் பிரிக்கும் அறைக்குப் போகும் வழி பல காலம் அடைபட்டே கிடந்தது. வாசலில் தலை எண்ணுகிறவர் கண்ணுக்கு இது படாது. எந்தத் தொழிற்சாலையையும் எடைபோட நான் கேட்கும் கேள்வி, உள்ளே வந்தவர் ஐந்து ஆண்டுகளில் எந்த அறையில் இருக்கிறார் என்பதே.

அந்தக் கேள்வியைத் தறிக்கூடத்திடம் கேட்டால் பதில் சோர்வு தருகிறது. நெய்பவர் பெண்; ஆனால் கசவுக் கரை எப்படி இருக்க வேண்டும், எந்த நூல் வாங்குவது, ஓணத்துக்கு எவ்வளவு நெய்வது என்று முடிவு செய்யும் மேசையில் அவரைக் காண்பது அரிது. உடல் குறைபாடு உள்ளவர்களின் நிலை இதைவிட மோசம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நான்கு விழுக்காட்டு ஒதுக்கீடு அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. காலைக் குழிக்குள் விட முடியாதவருக்கு மேல்தறி ஒன்று போதும். தரைக்கு மேலே சட்டத்தில் நிற்கும் அந்தத் தறி புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. வாங்கி வைக்க மனமும் பணமும் வேண்டும்.

கேரள அரசு தொடக்கப் பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் நெய்யச் சொன்ன திட்டம், சரியான திசையில் வைத்த அடி. ஓணத்தை மட்டும் நம்பியிருந்த தறிக்கு ஆண்டு முழுவதும் வேலை வந்தது. தறியை விட்டுப் போனவர்களில் சிலரும் திரும்பினார்கள். ஆனால் நெய்து கொடுத்த சீருடைக்குக் கூலி மாதக் கணக்கில் நிலுவையில் நின்றபோது, முதலில் கடன் வாங்கியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஆகவே நெசவில் இன்னும் பேரைச் சேர்க்கப் பயிற்சி முகாம் நடத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. பாவு மாற்றும் நாளுக்கும் சேர்த்து ஒரு அடிப்படைத் தினக்கூலி வேண்டும். தார் சுற்றுபவர் பெயரிலேயே தனிக் கணக்கு வேண்டும். சீருடைக் கூலி அந்தந்த மாதமே கைக்கு வர வேண்டும். கூலி ஏறினால் ஆண்களும் திரும்பி வந்து தறிக்குப் போட்டியிடுவார்கள், வரட்டும். அப்போது பெண்களை எழுப்பிவிடாமல், அவர்கள் நெய்த ஆண்டுகளைத் தகுதியாகக் கணக்கிட்டு முதல் உரிமை கொடுக்கச் சங்க விதிகளில் இப்போதே ஒரு பிரிவு எழுதப்பட வேண்டும்.