1 சதவீதம் காட்டிய பச்சைக் கட்டம்

பேக்கப் சர்வரில் இடம் தீர்ந்துபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளும் கண்காணிப்புத் திரையில் அதற்கான கட்டம் பச்சையாகத்தான் இருந்தது. "டிஸ்க் பயன்பாடு: 1 சதவீதம்." அதை அப்படிக் காட்ட வைத்தவன் நான்தான். அதனால் இதை மற்றவர்களை மட்டும் குறை சொல்லும் கட்டுரையாக எழுத முடியாது. ஆனால் குறை சொல்லவும் நிறைய இருக்கிறது.

விஷயம் வெளியே வந்தது இப்படி. கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருத்தர் வந்து, "தம்பி, போன வாரம் போட்டு வச்சிருந்த ஜிஎஸ்டி ஃபோல்டரைத் தெரியாம அழிச்சிட்டேன்பா, எடுத்துக் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். "ரெண்டு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கடைசி ஸ்னாப்ஷாட் ஒன்பது நாள் பழையது. அவர் அந்த ஃபோல்டரை உருவாக்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எல்லா பில்லையும் மறுபடி அடித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்த சர்வரில் இருந்தது இசட்எஃப்எஸ். எங்கள் கண்காணிப்பு மென்பொருளுக்கு அந்தப் பெயரே தெரியாது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் என்றால் தானாகவே கண்டுபிடித்துப் பட்டியலில் போடும். இசட்எஃப்எஸ் என்றால் அப்படி ஒரு டிஸ்க் இல்லாத மாதிரியே நடந்துகொள்ளும். பரவலாகச் சொல்லப்படும் தீர்வைத்தான் நானும் செய்தேன்: ஏற்றுக்கொள்ளும் வகைகளின் பட்டியலில் இசட்எஃப்எஸ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். கட்டம் வந்தது, பச்சையாக வந்தது. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் சொல்ல வருவது இதுதான். "இந்த ஃபைல் சிஸ்டத்தைக் கண்காணிப்பில் தெரிய வைப்பது எப்படி?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை கட்டத்தை வரவழைக்கும் பதில்கள். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எண் எதைச் சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? டிஎஃப் என்ற கட்டளை 1971ல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே இருக்கிறது. டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று சொல்லும் கட்டளை. இன்றைக்கு அதற்கு அடியில் இருப்பது ஸ்டேட்விஎஃப்எஸ் என்ற அழைப்பு. ஒரு மவுன்ட் புள்ளியைக் காட்டி "இங்கே எவ்வளவு?" என்று கெர்னலிடம் கேட்டால் சில எண்களைத் திருப்பித் தரும்: மொத்த பிளாக், காலி பிளாக், சாதாரணப் பயனருக்குக் கிடைக்கும் பிளாக், அதேபோல ஐநோட் கணக்கு. கண்காணிப்பு மென்பொருள்களில் முக்கால்வாசி இதை வாங்கி வகுத்து சதவீதமாக்கி வண்ணம் அடிக்கின்றன. அவ்வளவுதான் விஷயம்.

இந்த அமைப்பு ஒரு டிஸ்க், அதில் ஒரு ஃபைல் சிஸ்டம், மாறாத அளவு என்ற உலகத்துக்காகச் செய்தது. அந்த உலகத்திலேயே சின்னச் சிக்கல் உண்டு. எக்ஸ்ட்4 உருவாக்கும்போது வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அதனால்தான் "காலி" என்றும் "கிடைக்கும்" என்றும் இரண்டு எண். இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, "5 சதவீதம் இருக்கே, ஏன் எழுத மாட்டேங்குது?" என்று தலையைச் சொறிந்தவர்கள் என்னைத் தவிரவும் நிறையப் பேர் இருப்பார்கள்.

2005ல் சன் நிறுவனம் இசட்எஃப்எஸ்ஸை வெளியிட்டபோது அந்த உலகமே மாறிவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வீட்டுக்கும் மாடியில் ஒரே தொட்டி. இசட்எஃப்எஸ்ஸில் பல டிஸ்க்குகளைச் சேர்த்த அந்தத் தொட்டிக்குப் பூல் என்று பெயர். வீடுகள்தான் டேட்டாசெட்டுகள். ஒவ்வொரு டேட்டாசெட்டும் தனி ஃபைல் சிஸ்டம் மாதிரி மவுன்ட் ஆகும், ஆனால் யாருக்கும் சொந்தமாக அளவு கிடையாது. இப்போது ஒரு வீட்டின் கதவைத் தட்டி, "உங்க தொட்டி மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? "நான் வச்சிருக்கிறதும், மேலே மிச்சம் இருக்கிறதும்." ஸ்டேட்விஎஃப்எஸ் கேட்கும்போது இசட்எஃப்எஸ் தருவதும் அதே பதில்தான். அந்த டேட்டாசெட் இப்போது சுட்டும் தரவு, அதோடு பூலில் அதற்குக் கிடைக்கும் இடம். இரண்டையும் கூட்டி "மொத்தம்" என்று சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது இந்தக் கணக்கில் எங்கேயும் வராது.

ஸ்னாப்ஷாட்டுகளும் வராது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேக்கப் சர்வரில் ஸ்னாப்ஷாட்தான் எல்லாமே. பூலில் பயன்படுத்தக்கூடிய இடம் 8 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டேட்டாசெட். அதன் இன்றைய தரவு 2 டெராபைட். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் பிடித்து வைத்திருப்பது 5 டெராபைட். மிச்சம் 1. உண்மையில் 8ல் 7 போய்விட்டது, அதாவது 87.5 சதவீதம். டிஎஃப் என்ன சொல்லும்? மொத்தம் 3, பயன்பட்டது 2, ஆக 67 சதவீதம். ஸ்னாப்ஷாட் வளர வளர "பயன்பட்டது" ஏறாது, "மொத்தம்" குறையும். 80 சதவீதத்தில் மணி அடிக்கச் சொல்லியிருந்தால், மிச்சம் அரை டெராபைட்டுக்கு வந்த பிறகுதான் அடிக்கும். அப்போது பூல் 93 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.

என் கதை இதைவிட மோசம். நான் கண்காணிப்பில் சேர்த்தது பூலின் வேர் டேட்டாசெட்டை மட்டும். எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது என்று ஒரு நினைப்பு. வேரில் ஃபைல் எதுவும் கிடையாது, சில நூறு கிலோபைட் நிர்வாகத் தகவல்தான். அதைக் கிடைக்கும் டெராபைட்டுகளோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட சுழியம். டிஎஃப் சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்குவதால் 1 என்று வரும். பூலில் 10 மெகாபைட் மட்டும் மிச்சம் இருந்தாலும் அது சில சதவீதம்தான் காட்டும். அப்புறம் ஒரே தாவலில் 100.

எங்களுக்கு அந்தத் தாவலும் கிடைக்கவில்லை. பேக்கப் டேட்டாசெட்டுக்கு ஒரு கோட்டா போட்டிருந்தோம். ஸ்னாப்ஷாட்டுகளும் சேர்ந்து அது நிரம்பியதும் இரவில் வரும் தரவை வாங்க மறுத்துவிட்டது. பூலில் இன்னும் இடம் இருந்ததால் வேர் நிம்மதியாக 1 சதவீதத்திலேயே இருந்தது. பிழைச் செய்தி மின்னஞ்சலாகப் போயிருக்கிறது, யாரும் திறக்காத ஒரு பெட்டிக்கு. சரி, அந்த டேட்டாசெட்டைத் தனியாகச் சேர்த்திருக்கலாமே என்றால் அதுவும் நடந்திருக்காது. பேக்கப்பாக வாங்கும் டேட்டாசெட்டுகளை யாரும் தொடக்கூடாது என்று மவுன்ட் செய்யாமலே வைப்பது வழக்கம். மவுன்ட் ஆகாத ஒன்றைப் பற்றி ஸ்டேட்விஎஃப்எஸ்ஸிடம் கேட்கவே முடியாது. எந்தப் பட்டியலில் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் அது கண்ணில் படப்போவதில்லை.

பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்வர்களிடம் எஸ்என்எம்பி வழியாக டிஸ்க் விவரம் கேட்பதற்கான வரையறை 2000ல் வந்த ஆர்எஃப்சி 2790. அதில் ஃபைல் சிஸ்டம் வகைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. எச்பிஎஃப்எஸ், நெட்வேர், ஆப்பிள்ஷேர் எல்லாம் இருக்கும். லினக்ஸ் எக்ஸ்ட்2வோடு பட்டியல் முடிந்துவிடும். பிறகு வந்ததெல்லாம் "மற்றவை". மொத்த அளவைச் சொல்லும் எண்ணுக்கு 31 பிட்தான் இடம் என்பதால், 4 கிலோபைட் அலகில் 8 டெராபைட்டைத் தாண்டினால் எண் கொள்ளாது. நெட்-எஸ்என்எம்பி அலகையே பெரிதாக்கிச் சொல்லிச் சமாளிக்க வழி வைத்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு 8 டெராபைட் கற்பனை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைய மென்பொருள்களில் இரண்டு போக்கு இருக்கிறது. ஜாபிக்ஸின் லினக்ஸ் டெம்ப்ளேட் அனுமதிப் பட்டியல் வைக்கிறது: எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்று தெரிந்த பெயர்கள் மட்டும் உள்ளே வரலாம். ப்ரோமீதியஸின் நோட் எக்ஸ்போர்ட்டர் விலக்குப் பட்டியல் வைக்கிறது: ப்ராக், சிஸ்எஃப்எஸ், ஸ்குவாஷ்எஃப்எஸ், ஓவர்லே போன்றவை வேண்டாம், மற்றதெல்லாம் வரட்டும். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஸ்குவாஷ்எஃப்எஸ் படிக்க மட்டுமே ஆனது, எப்போதும் 100 சதவீதம் நிரம்பித்தான் இருக்கும். உபுன்டுவில் ஸ்னாப் நிறுவியிருந்தால் அப்படிப் பத்துப் பதினைந்து மவுன்ட் இருக்கும். விலக்காவிட்டால் ராத்திரி முழுக்க மணி அடிக்கும்.

ஆனால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. விலக்குப் பட்டியல் தப்பினால் தேவையில்லாத சத்தம் வரும், யாராவது எரிச்சலோடு சரிசெய்வார்கள். அனுமதிப் பட்டியல் தப்பினால் ஒன்றும் வராது. "பார்த்தேன், நலம்" என்பதும் "பார்க்கவே இல்லை" என்பதும் திரையில் ஒரே மாதிரி தெரிகின்றன. எத்தனை மவுன்ட்டைப் பட்டியலால் தவிர்த்தோம் என்று ஒரு வரி காட்டினால் என்ன கெட்டுவிடும்? இதில் நோட் எக்ஸ்போர்ட்டர் ஒரு நல்ல காரியம் செய்கிறது. என்எஃப்எஸ் சர்வர் செத்துப்போனால் ஸ்டேட்விஎஃப்எஸ் கேட்ட புரோகிராம் அப்படியே உறைந்துவிடலாம். 5 விநாடி காத்திருந்துவிட்டு அந்த மவுன்ட்டை ஒதுக்கி வைத்து, விவரம் கிடைக்கவில்லை என்பதையே ஒரு அளவீடாக வெளியிடும். விவரம் இல்லை என்பதும் விவரம் என்று புரிந்துகொண்டு எழுதிய கோட்.

பிடிஆர்எஃப்எஸ் பற்றிச் சுருக்கமாக. அது டிஸ்க்கை முதலில் பெரிய துண்டுகளாக வெட்டி, இது தரவுக்கு, இது மெட்டாடேட்டாவுக்கு என்று பிரித்துக்கொள்ளும். மெட்டாடேட்டாத் துண்டுகள் நிரம்பி, புதிதாக வெட்ட இடமும் இல்லாமல் போனால், தரவுத் துண்டுகளுக்குள் எவ்வளவு காலி இருந்தாலும் எழுத முடியாமல் போகலாம். சதவீதம் மட்டும் பார்ப்பவருக்கு "இடம் இருக்கே" என்றுதான் தோன்றும். இங்கே பார்க்க வேண்டிய எண், எதற்கும் ஒதுக்காமல் மிச்சம் இருக்கும் இடம். அது பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்தக் கட்டளையில்தான் கிடைக்கும். ஐநோட் எண்ணிக்கையைக் கேட்டால் மொத்தமே சுழியம் என்று சொல்லும், ஏனென்றால் அங்கே முன்கூட்டி எண்ணி வைத்த ஐநோட்டுகள் கிடையாது. சுழியத்தால் வகுக்கப் போய் விழுந்த ஸ்கிரிப்ட் ஒன்றை நானே எழுதியிருக்கிறேன்.

சம்பவத்துக்குப் பிறகு நான் செய்தது பெரிய வேலை ஒன்றுமில்லை. டிஎஃப் வழியை விட்டுவிட்டு, இசட்எஃப்எஸ்ஸின் சொந்தக் கட்டளைகளிடமே கேட்கிறேன். பூல் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, ஒவ்வொரு டேட்டாசெட்டும் ஸ்னாப்ஷாட்டோடு சேர்த்து எவ்வளவு பிடித்திருக்கிறது, கோட்டாவுக்குள் இன்னும் எவ்வளவு கிடைக்கும். மவுன்ட் ஆகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. கூடவே, கடைசி ஸ்னாப்ஷாட்டின் வயது. உண்மையில் அக்காவின் ஃபோல்டரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்தக் கடைசி எண் ஒன்றுதான். 30 மணி நேரத்தைத் தாண்டினால் மணி அடிக்கும். இதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைத்தால் நோட் எக்ஸ்போர்ட்டர் எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைல் கடைசியாக எப்போது மாறியது என்பதையும் அதுவே ஒரு அளவீடாகத் தரும் என்பதால், ஸ்கிரிப்ட் நின்றுபோனாலும் தெரிந்துவிடும்.

அப்படித்தான் நினைத்தேன். கையால் ஓட்டியபோது ஸ்கிரிப்ட் அருமையாக வேலை செய்தது. க்ரானில் போட்ட முதல் நாள் ஃபைல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டது, உள்ளே ஒரு வரி இல்லை. இசட்எஃப்எஸ் கட்டளை எங்கள் சர்வரில் எஸ்பின் அடைவில் இருந்தது. க்ரான் தானாகத் தேடும் இடங்களில் அந்த அடைவு இல்லை. கட்டளை கிடைக்கவில்லை, ஃபைல் காலி, மாறிய நேரம் மட்டும் புத்தம் புதிது. எச்சரிக்கை விதிகள் எல்லாம் மௌனம். இப்போது ஸ்கிரிப்ட்டில் கட்டளையின் முழுப் பாதையையும் எழுதியிருக்கிறேன். முதலில் தற்காலிக ஃபைலில் எழுதி, பூலின் வரி அதில் இருந்தால் மட்டும் பெயரை மாற்றி இடத்தில் வைக்கிறது. ப்ரோமீதியஸில், அந்த அளவீடே வரவில்லை என்றால் சிவப்பு காட்டும் விதி ஒன்றையும் தனியாகச் சேர்த்தேன். போன வாரம் சர்வரை அப்டேட் செய்தபோது அது ஒருமுறை அடித்தது. காலை நாலரை மணி. எழுந்து பார்த்தால், கெர்னல் மாறியதில் இசட்எஃப்எஸ் மாட்யூலே ஏறியிருக்கவில்லை.